நல்ல மனுசனாத் தெரியறான்

திருப்பூர், காங்கயம் ரோட்டில் இரண்டாம் மாடி.
ஞாயிற்றுக்கிழமை கட்டிங் செக்சனில் ஆளில்லை.
துணி விரிக்கும் நீள மேசையில்
நாங்கள் ஐந்து பேர், தட்டுவடை செட்டு,
சட்னி படாமல் தள்ளிவைத்த இருபது முகப் பகடைகள்.
ஏற்றுமதி அட்டைப்பெட்டியைக் கிழித்து மடக்கி
என் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.
உட்புறம் உலகம் நடக்கிறது.
வெளிப்புறம் 'இந்தப் பக்கம் மேலே' என்றிருக்கிறது,
தலைகீழாக.

லோகுவின் வீரனுக்குப் பேர் கொடிவேரன்.
மூன்று மாதம் ஆடிச் சேர்த்த வாள் ஒன்று
அவன் இடுப்பில்.
இன்று சந்தையில்
உப்பு வியாபாரி ஒருவன் பேச்சுக் கொடுத்தான்.
பேச்சுக்கு நடுவே ஒரு சொல் மட்டும்
அந்தச் சந்தையின் மொழியில் இல்லை.

இங்கேதான் சிக்கல்.
பகடையை லோகுவிடம் நீட்டி உருட்டு என்றால்
எதுக்கு என்பான்.
எதுக்கு என்று கேட்ட மனசு
அப்புறம் உப்பைக்கூட நம்பாது.
அதனால் அட்டைக்குப் பின்னால் நானே உருட்டினேன்.
நாலு.
கொடிவேரன் பிடரியில் ஈ உட்கார்ந்ததா,
காது குளிர்ந்ததா,
விதிப்புத்தகம் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.
நான் சொன்னது இவ்வளவு:
"ஆளப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியறான்."

மற்றதையெல்லாம் லோகுவே செய்தான்.
"வெயில்ல நிக்கறாப்ல, பாவம்."
"எங்க மாமனாட்டவே சிரிக்கறாப்ல."
நான் எழுதித் தராத காரணங்கள்
அவன் வாயிலிருந்தே வந்தன,
வெகுநாளாய் அங்கேயே குடியிருந்தவை மாதிரி.
அரைமணியில் வாளைக் கொடுத்துவிட்டான்.
கடனாகக்கூட இல்லை.

"அட, மயக்கிப்போட்டான்டா உன்னைய!"
ஹேமாவதி எழுந்தே விட்டாள்.
"எவன்? நானாத்தான் குடுத்தேன்."
"அம்மிணி, நீ அந்தச் சந்தையிலயே இல்ல" என்றேன்.
உட்கார்ந்தாள்.

நஸ்ரின் தட்டுவடையை மென்றபடி என்னைப் பார்த்தாள்.
"நீ உருட்டுனது கேட்டுச்சு."
"நான் சும்மாவும் உருட்டுவேன்."
நிசம்தான்.
ஒரு ராத்திரிக்கு நாலு தடவையாவது
எதுவுமே நடக்காத இடத்தில் உருட்டுகிறேன்,
சத்தம் அவர்களுக்குப் பழகிப்போகட்டும் என்று.

கரண்ட் போய் வந்தது.
சந்தையைத் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது
மந்திரம் கலைந்தது. சொன்னேன்.
லோகு இடுப்பைத் தடவினான்,
தன் இடுப்பை, டீசர்ட்டுக்கு மேலாக.
"அப்ப அவனுக்கு உள்ள எப்புடி இருந்துச்சு?"
"ஒண்ணுமே இல்ல. நீ இருந்தாப்லதான்."
"எனக்கு நல்லாருந்துச்சேடா" என்றான்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் பழனிராஜ் சிரித்தான்,
அவனைப் பார்த்து நாங்களும்.

திங்கட்கிழமை மேசைமேல் மறுபடியும் துணி.
கீழே நாற்பது மிசின் ஓடுகிறது.
பையர் ஆபீசிலிருந்து போன்.
பீஸுக்கு மூணு ரூபாய் குறைத்துக்கொள்ளலாமா,
இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்.
போன ஆர்டரும் இந்த ஒரு ஆர்டர்தான்.
குரலைக் கேட்டால் பாவமாக இருக்கிறது,
அவருக்கும் மேலே யாரோ இருப்பார்கள்.
பையனுக்குக் காய்ச்சல் என்று எப்போதோ சொன்னதை
ஞாபகம் வைத்து அடுத்த வாரம் விசாரித்தவர்.
நூல் விலையைச் சொல்லலாமென்று வாயைத் திறக்கிறேன்.
செக்கிங் மேசைக்கு அடியில் எங்கோ
ஒரு பட்டன் விழுந்து
மொசைக் தரையில் உருண்டு,
இன்னும் உருண்டு,
நின்றது.

யாரும் தலை நிமிரவில்லை.
"சரிங்க சார்" என்றேன்.